ஊற்றின் உயரமும் கிணற்றின் நீளமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளிலேயே ஆபத்தான தப்புக் கணக்கை ஒரு பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருக்கக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்று அதன் அழகை ரசித்தவன் நான். கைதட்டல்கூட வாங்கினேன். கைதட்டச் சொன்னது என் மனைவி. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவள்தான் என்பதால் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை.

என் தொழிலைச் சொல்லிவிட்டால் தப்பின் கனம் புரியும். கடலுக்கடியில் எண்ணெய், எரிவாயு தேடிக் கிணறு தோண்டும் ரிக்கில் நான் மட் எஞ்சினியர். மட் என்றால் சேறுதான். அதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் கள்ளக்குறிச்சியில் என் உறவுக்காரர்கள் சேறாகவே புரிந்துகொள்கிறார்கள். சின்னசேலத்தில் பெண் பார்க்கப் போனபோது மாமனார் என் வேலையைப் பற்றிக் கேட்டார். பதினைந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்து, "சேறு கலக்கறதுக்கு எதுக்கு மாப்ள அம்மாந்தூரம் போவணும்? நம்ம வயல்லயே கலக்கலாமே" என்றார். இருபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் தகுந்த பதில் அமையவில்லை.

சேறு எதற்கு என்றால், பூமிக்குள் ஆழத்தில் பாறையின் பொடித்துளைகளில் வாயுவும் தண்ணீரும் காலம்காலமாக அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. நாம் போய் ஓட்டை போட்டால், விட்டால் போதும் என்று மேலே பாய்ந்து வரும். வந்தால் ரிக்கும் இருக்காது, அதில் இருப்பவர்களும் இருக்க மாட்டார்கள். அதனால் துளை முழுவதையும் கனமான மட்டால் நிரப்பி, அந்தப் பாரத்தாலேயே உள்ளே இருப்பதை உள்ளேயே உட்காரவைக்கிறோம். மட் லேசாக இருந்தால் வாயு ஏறிவிடும். சரி, நிறையவே கனமாக்கிவிடலாமே என்றால், பாறை விரிசல் விட்டு மொத்த மட்டையும் குடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிழைத்துப்போகிற ஓர் எண் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் நாலு வாரமும் நான் தேவைப்படாத ஆள். ரிக்கில் கழித்துப்போட்ட பழைய மட் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு முனையில் மூடி போட்ட கிண்ணம், மறுமுனையில் நகர்த்தும் எடை. கிண்ணத்தில் எதை ஊற்றினாலும் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று சொல்லிவிடும். ஒருமுறை தோசைமாவை ஊற்றி அளந்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி சேக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அன்றிலிருந்து தராசு பீரோவின் மேல் இருக்கிறது. நான் சமையலறைக்கு வெளியே இருக்கிறேன்.

இந்தத் தடவை விடுமுறைக்கு வந்த மூன்றாம் நாள், அவளே தராசை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நாளிக்கி எங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க. பசங்களுக்கு உங்க வேலைய பத்தி சொல்லணும். வீட்டுல உக்காந்துக்கினு டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திக்கினே இருக்கீங்க, பாக்க முடியல."

அவள் பள்ளி கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி உள்ளே. ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வேன் வைத்திருக்கிறார்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதன்பிறகு வளைவுகள். என்ன பேசப்போகிறோம் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கணக்கு ஆசிரியர் மரியாதையாகக் கேட்டார்: "எளிமையா சொல்லுவீங்கல்ல சார்?" ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் என்று வாக்குக் கொடுத்தேன். புரிந்தது என்னவோ உண்மைதான். எனக்குத்தான் கடைசியில் புரிந்தது.

ஆரம்பம் பிரமாதம். ஒரு பக்கெட்டில் செம்மண் சேறு கலக்கச் சொன்னேன். நாலு பக்கெட் வந்தது. ஓடை மண், புற்று மண், பள்ளிக்கூடத்துச் சுவர்மண், இன்னொன்று எதன் மண் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. நாலையும் தராசில் அளந்தேன். புற்று மண் ஜெயித்தது. அந்தக் கட்சிக்காரர்கள் எழுந்து குதித்தார்கள். உற்சாகம் தாங்காமல், சத்துணவுக் கூடத்தில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரையும் அளந்துவிடலாம் என்று கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு போனேன். சமையல் செய்யும் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். கரண்டியைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார்.

"சேத்துல வுட்ட கிண்ணம் தானே சார் அது?"

"கழுவிட்டேம்மா."

"கழுவிக்கினு போயி நீங்களே வெச்சிக்கோங்க. என் சாம்பாரு எம்மாம் கெட்டின்னு எனக்குத் தெரியும்."

பின்வாங்கி வகுப்பறைக்கு வந்து, இழந்த கௌரவத்தை மீட்கும் பொருட்டு, நிஜமான கிணறு ஒன்றையே கரும்பலகையில் போட்டேன். இங்கேதான் புத்தி கெட்டது. என் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். ரிக்கைவிட்டுக் கிளம்பும்போது மாற்று ஆளுக்கு எழுதிக்கொடுத்த கணக்கின் நகல் அதில் இருந்தது. அதையே எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

கடல் வரைந்தேன். ரிக் வரைந்தேன். ரிக்கின் அடியிலிருந்து கொஞ்சதூரம் நேராக இறங்கி, பிறகு சாய்ந்து போகும் கிணறு. எண்ணெய் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே ரிக்கை நிறுத்த முடியாவிட்டால் அப்படித்தான் சாய்த்துத் தோண்டுவோம். சாய்வுக்கோட்டின் மேல் அம்புக்குறி போட்டு '2800 மீட்டர்' என்று எழுதினேன். அடியில் வாயு இருக்கும் மணற்பாறை. அங்கே இருக்கும் அழுத்தம், மூவாயிரத்து இருநூற்றைம்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அடியில் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. 3250-ஐ 2800-ஆல் வகுத்தால் ஒன்று புள்ளி ஒன்று ஆறு. பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்து, ஒன்று புள்ளி இரண்டு ஒன்று.

"அதாவது, தண்ணிய விட இவ்ளோ மடங்கு கனமா மட் கலக்கணும். அவ்ளோதான். இந்த ஒரு நம்பர்லதான் நூறு பேரோட உசுரு இருக்கு" என்றேன். இரண்டு கோடு. பின்னால் ஓரடி. கைதட்டல்.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் சமையல் அம்மா கதவருகே வந்து நின்றார். சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்க வந்தவர். கேட்காமல் கரும்பலகையையே பார்த்தார்.

"இன்னா மேடம், சாரு நம்ம ஓஸு பைப்ப வரைஞ்சி வெச்சிருக்காரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "ஓஸ் இல்லம்மா. கடல்ல எண்ணெய்க் கிணறு."

"சாஞ்சிக்கினு இருக்குது?"

"ஆமா. சாய்வா தோண்டறது."

"அப்ப எதுக்கு சாய்வ அளந்து எழுதியிருக்கீங்க?"

"அவ்ளோ நீளத்துக்கும் மட் நிக்குதில்ல? அந்தப் பாரம்தான் அடியில அழுத்தும்."

"ஓஸு நீளத்துக்கா சார் அழுத்தும்?" என்றார். சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஊத்துலேந்து ஓஸு வருது பாருங்க. மின்ன ஒருத்தரு வந்து, தண்ணி வேகமா வரும்னு நூறு அடி ஓஸு ஜாஸ்தியா போட்டு, அந்தப் பாறைய சுத்தி இந்தப் பாறைய சுத்தி இட்டாந்தாரு. ஒரு சொட்டு ஜாஸ்தி வரல. அப்பறம் மேல இருக்கற ஊத்துல கொண்டுபோயி மாட்டினோம். பிச்சிக்கினு வந்துச்சி. ஓஸு எம்மாம் நீளம்னு தண்ணிக்கு இன்னா சார் தெரியும்? எம்மாம் ஒசரத்துலேந்து வருதுன்னுதான் தெரியும்."

பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் அது முன்பே தெரியும்போல.

நான் சாக்பீசை வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தேன். கணக்கு இருந்த பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் கிணற்றின் நீளம், 2800. அடுத்ததில் நேர் ஆழம், 2500. கணக்கில் போடவேண்டியது இரண்டாவது. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றரை வருடமாக நாங்கள் தோண்டியதெல்லாம் நேர்க் கிணறுகள். நேர்க் கிணற்றில் இரண்டு கட்டத்திலும் ஒரே எண்தான் இருக்கும். எதிலிருந்து எடுத்தாலும் சரி. கை பழகிவிட்டது. கிளம்புகிற நாள், மூட்டை கட்டும் அவசரம், கை போன கட்டத்திலிருந்து எடுத்து எழுதிக்கொடுத்துவிட்டு ஹெலிகாப்டர் ஏறிவிட்டேன்.

3250-ஐ 2500-ஆல் வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று. பாதுகாப்பையும் சேர்த்தால் ஒன்று புள்ளி மூன்று ஐந்து. நான் எழுதிக்கொடுத்தது ஒன்று புள்ளி இரண்டு ஒன்று. அந்த லேசான மட்டோடு வாயுப் பாறைக்குள் நுழைந்தால் வாயு மேலே கிளம்பிவிடும். திட்டப்படி அந்தப் பாறையைத் தொடவேண்டிய நாள், அன்றைக்குத்தான். பிற்பகல்.

மனைவி கிட்டே வந்து கேட்டாள். "இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"போன் பண்ணணும்."

"இங்க எங்க போன்? டவர் பாறைக்குத்தான் போவணும்."

டவர் பாறையில் டவர் எதுவும் கிடையாது. சிக்னல் கிடைக்கும் பாறை, அதனால் அந்தப் பெயர். சமையல் அம்மா கரண்டியால் வழிகாட்டினார்: "தோ, இந்த ஓஸயே புடிச்சிக்கினு மேல போங்க சார். ஊத்துக்கு மேல ஒரு பாறை. ஜனம் நிக்கும்."

கறுப்பு ஓஸ் புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் வளைந்து வளைந்து ஏறியது. நானும் வளைந்து வளைந்து ஏறினேன். ரிக்கில் நாலாவது மாடியிலிருக்கும் சாப்பாட்டு அறைக்கே லிஃப்ட் வைத்தால் என்ன என்று ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டவன் நான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது பள்ளிக்கூட ஓடு கீழே கையகலம் தெரிந்தது. ஓஸ் எத்தனை நீளம் என்று என் முழங்காலுக்கும் தெரியவில்லை. எவ்வளவு உயரம் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

பாறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். விளிம்பில் வரிசையாகக் கற்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கல் வைக்கவேண்டும். கல் முறைதான் பேச்சு முறை. பேசி முடித்ததும் தன் கல்லைத் தூக்கிக் கீழே போட்டுவிடவேண்டும். யார் எழுதிய சட்டம் என்று தெரியாது, ஆனால் நான் பார்த்த எந்தச் சட்டத்தைவிடவும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நான் மூச்சிரைக்க நேராக உச்சிக்கு ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"இன்னா சார், கல்லு வெக்காம ஏறிட்டீங்க?" பலாப்பழ லோடு விஷயமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவசரம்" என்றேன். அதற்குமேல் மூச்சு இல்லை.

"எனக்குந்தான் அவசரம். பழம் பழுத்துக்கினு இருக்குது."

அடுத்த கல்லுக்குச் சொந்தக்காரி முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கும் புருஷனிடம் பேசுவதற்காக ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா அவசரம்னு சொல்லு சார். கேட்டுக்கினு முடிவு பண்றோம்."

துண்டு துண்டாகச் சொன்னேன். கடலில் கிணறு. கணக்கு தப்பு. சேறு லேசு. வாயு வரும்.

"ஆளு சாவாங்களா?"

"சாவலாம்."

"கணக்கு யாரு போட்டது?"

இதற்கு ஏன் பதில் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் கூட்டமே காத்திருந்தது. "நான்தான்."

பலாப்பழக்காரர் தன் கல்லை எடுத்துக் கீழே எறிந்தார். அந்தப் பெண் தன் கல்லை ஒரு கை நகர்த்தி இடம் விட்டாள். "பேசு சார்."

அந்தப் பாறையில் கிழக்கே பார்த்து, கையை உயர்த்தினால்தான் சிக்னல் நிற்கும். காதில் வைத்தால் போய்விடும். ஆகவே எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். அந்த ஊரில் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது போனில் பேசப்படாத ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். மூன்றாவது தடவை மணி அடித்தது. ரிக்கில் என் மாற்று ஆள், கடலூர்ப் பக்கத்துத் தம்பி, எடுத்தான்.

"அண்ணே! லீவுல நல்லா ரெஸ்ட் எடுக்கறீங்களா?"

"த... தம்பி... மட்..." அதற்குமேல் வரவில்லை. நெஞ்சுக்குள் துருத்தி ஊதிக்கொண்டிருந்தது.

"அண்ணே? அண்ணே, இன்னா ஆச்சு?"

அந்தப் பெண் பொறுமை இழந்து என் கையை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "அண்ணா, இங்க ஒரு சாருக்கு மூச்சு வாங்குது. அவுரு பேச மாட்டாரு. நான் சொல்றேன் கேட்டுக்கோ. சேத்துக் கணக்கு தப்பாம். தப்பு அவுருதாம்."

"நீங்க யாரும்மா?"

"நான் டவர் பாறைலேந்து பேசறேன்."

அந்த விலாசம் அவனுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது. நான் நோட்டைப் பிரித்து அவள் முன் நீட்டி, எண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். "ஒண்ணு புள்ளி மூணு அஞ்சாம். ஒண்ணு புள்ளி ரெண்டு ஒண்ணு இல்லியாம். நீளத்துல வகுத்துட்டாராம். ஒசரத்துல வகுக்கணுமாம். கேக்குதா?"

"கே... கேக்குது. நேர் ஆழமா?"

"ஆமாவா சார்?" என்று என்னைக் கேட்டாள். தலையாட்டினேன். "ஆமாவாம்."

அதற்குள் எனக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பியிருந்தது. "தம்பி, வாயுப் பாறைய தொட்டுட்டீங்களா?"

நான் கேட்ட கேள்வி கடல்வரை போய்த் திரும்பும்வரை எல்லாரும் போனையே பார்த்தார்கள். பலாப்பழக்காரர் வாயில் போட்ட வெற்றிலையைக்கூட மெல்லவில்லை.

"இல்லண்ணே. காலைலேந்து பம்ப்பு ரிப்பேரு. ஒரு அடிகூட தோண்டல. இன்னும் அறுபது மீட்டர் இருக்கு."

"தோண்டாதீங்க. பேரைட்டப் போட்டு கனத்த ஏத்து. ஒண்ணு மூணு அஞ்சு வந்தப்புறந்தான் தோண்டணும். மேலதிகாரிகிட்ட நான் தப்பா போட்டேன்னே சொல்லு."

"சரிண்ணே. இப்பவே..." கையை ஓர் அங்குலம் தாழ்த்திவிட்டேன். லைன் போய்விட்டது.

பேரைட் என்றால் கனமான ஒரு கல்லின் பொடி, மட்டில் கலக்கினால் கனம் ஏறும் என்று எல்லாருக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். அந்தப் பெண் என் சார்பில் கல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பேசி முடிச்சா கல்லு போடணும் சார்." போட்டேன். பிறகு அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் முதல் வார்த்தையாக, "இங்க ஒரு ஆளு கடல்ல கணக்கு தப்பா போட்டுட்டு மலையேறி வந்திருக்காரு, நீ பரவால்ல" என்றாள். அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கக்கூடாது. ஸ்பீக்கரில் இருந்தது.

இறங்கி வந்து வகுப்பறைக்குள் போனபோது பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையில் என் கணக்கு அப்படியே இருந்தது, இரண்டு கோட்டோடு. டஸ்டரை எடுத்தேன். வாசலில் நின்ற மனைவி, "அழிக்காதீங்க, கணக்கு சார் பசங்களுக்கு அதுல இருந்தே சரியா போட்டுக் காட்டப் போறாராம்" என்றாள். கணக்கு சார் மரியாதைக்காரர். என்னை வைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. நான் கைகழுவப் போனபிறகு செய்தார்.

சாம்பார் அருமையாக இருந்தது. அளக்காமலே தெரிந்தது.

மாலை வேனில் மலையிறங்கி, கோமுகி அணை தாண்டியதும் போன் உயிர்பெற்றுப் படபடவென்று செய்திகளைக் கொட்டியது. மட் கனம் ஏறிக்கொண்டிருப்பதாக இரண்டு. ஒன்று மூன்று ஐந்து வந்துவிட்டதாக ஒன்று. பம்ப் சரியாகிவிட்டதாக ஒன்று. மறுநாள் காலை வாயுப் பாறைக்குள் நுழைந்தார்கள். ஒரு குமிழிகூட ஏறவில்லை. கிணறு குழந்தைமாதிரி தூங்கியது என்று தம்பி சொன்னான். அப்போதுதான் கேட்டேன்:

"ஏன்டா, நான் எழுதிக் கொடுத்தப்ப உனக்குச் சந்தேகமே வரலியா?"

"வந்துச்சிண்ணே. பாத்ததுமே கம்மியா இருக்குதேன்னு நெனச்சேன். ஆபரேட்டரும் நெனச்சாரு. ஜியாலஜிஸ்டும் கேட்டாரு. அப்பறம் அண்ணன் எழுதியிருக்காரு, இவ்ளோ வருசம் அனுபவம், எதனா காரணம் இல்லாம கம்மியா எழுத மாட்டாருன்னு வுட்டுட்டோம்."

இத்தனை வருடம் அதட்டி அதட்டி நான் சம்பாதித்த மரியாதை அது. ஒரு கிணற்றையே கொண்டுபோய்விடும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்திருந்தது. சாம்பாரில் என் கிண்ணத்தை விடாத ஒருவர் ரிக்கில் இல்லாமல் போய்விட்டார்.

எங்கள் கம்பெனியில் இப்படி ஏதாவது நடந்து, ஆபத்து வருவதற்குள் தப்பித்துவிட்டால், ஒரு படிவம் நிரப்பவேண்டும். தப்பு எப்படி நடந்தது, யார் செய்தது. எழுதினேன். கூசிக்கொண்டேதான் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: தவறைக் கண்டறிந்தவரின் பதவி. பேர் கேட்கவில்லை, பதவி மட்டும். நானே கண்டறிந்ததாக எழுதக் கை போகத்தான் செய்தது. மனைவி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். 'சமையலர்' என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். பயங்கர சிரிப்பு. மேலிடத்தில் அந்தப் படிவத்தைப் படித்துப் புல்லரித்துப்போய், தவறைக் கண்டுபிடித்தவருக்குப் பாதுகாப்புப் பரிசு அறிவித்துவிட்டார்களாம். பதவி சமையலர் என்பதால், ரிக்கில் எங்களுக்குச் சப்பாத்தி போடும் சமையல்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கி, ஒரு ஃப்ளாஸ்க்கும் பனியனும் கொடுத்துவிட்டார்கள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. 'எல்லாம் கவனமா பாத்துக்கறதுதான்'னு சொல்லிட்டு வாங்கிக்கினு போயிட்டாரு."

அவரிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அதேமாதிரி ஒரு ஃப்ளாஸ்க் தேடிப் பிடித்தேன். கடலுக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம் வேனில் ஏறி மறுபடி மலைக்குப் போனேன். சத்துணவுக் கூடத்தில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். ஃப்ளாஸ்க்கைக் கொடுத்து, நடந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஓஸ் பற்றிச் சொன்னதால்தான் நான் நோட்டைப் பிரித்தேன் என்றேன். நூறு பேரும், அத்தனை பெரிய ரிக்கும் தப்பித்தது அவரால்தான் என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கொஞ்சம் கலங்கியது. அந்தக் கடைசி வாக்கியத்தை வேனிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தார். மூடினார். அடுப்பு மேடையில் வைத்தார். அரிசித் தண்ணீரை வடித்துக்கொண்டே, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"இதுக்கு மின்ன எத்தினி கெணறு சார் தோண்டியிருக்கீங்க?"

"இருக்கும்மா, ஒரு எழுபது, எம்பது."

"அதெல்லாம் இப்ப நல்லா இருக்குதுங்களா?"